பழைய விமானி பாணியில் லெதர் ஜாக்கெட் தைக்க எந்தத் தோல், எந்த ஃபினிஷ் நல்லது?

கேள்வி இது: மதுரையில் இருப்பவர், 1940களில் விமானிகள் போட்ட மாதிரி ஒரு லெதர் ஜாக்கெட்டை அளவு கொடுத்துத் தைக்கப் போகிறார். தைப்பவர் வெள்ளாடு, செம்மறி, மாடு என்று மூன்று தோலையும், அவற்றில் பல ஃபினிஷ்களையும் (மேல்பூச்சு வகைகளையும்) காட்டுகிறார். எதை எடுப்பது?

வெள்ளாட்டுத் தோலை எடுங்கள். குரோமில், அதாவது குரோமியம் உப்பில் பதனிட்டதாக, சாயம் உள்வரை இறங்கியதாக, மேலே கனத்த பெயிண்ட் பூச்சு இல்லாததாக இருக்கட்டும். 'விண்டேஜ் ஃபினிஷ்' என்று தனியாக ஒன்றைக் காட்டினால், அதை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். திண்டுக்கல்லில் ஒரு தோல் ஷாப்பின் (தோல் பதனிடும் ஆலையின்) ஃபினிஷிங் பிரிவில் வேலை பார்த்தவன் நான். அந்தப் 'பழைய தோற்றம்' எப்படி வருகிறது என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

ஆட்டுத் தோல் என்றதும் அசலை விட்டு விலகிப் போகிறோமோ என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க ராணுவ விமானப் படை 1931இல் ஏற்றுக்கொண்ட ஏ-2 ஜாக்கெட் பெரும்பாலும் குதிரைத் தோலில் வந்தது உண்மைதான். ஆனால் அதே நாட்டுக் கடற்படை விமானிகளின் ஜி-1, வெள்ளாட்டுத் தோலில் தைத்தது. குதிரைத் தோல் நம் பக்கம் கிடைப்பது அரிது. வெள்ளாடு திண்டுக்கல் தோல் ஷாப்புகளில் தலைமுறைகளாகக் கைபழகிய சரக்கு.

செம்மறி கையில் எடுத்ததும் பஞ்சு மாதிரி இருக்கும், அதில் மயங்கித்தான் பலர் வாங்குகிறார்கள். அதன் நார்கள் தளர்வானவை. மேல் அடுக்குக்கும் கீழ் அடுக்குக்கும் நடுவே கொழுப்பு அதிகம் இருப்பதால், நாளாக ஆக இரண்டும் பிரியப் பார்க்கும். அக்குளிலும் பாக்கெட் வாயிலும் கிழியும். மாட்டுத் தோல் பலமானது, 1 முதல் 1.2 மில்லிமீட்டர் கனத்தில் வரும். ஆனால் மதுரையில் அதைப் போட்டுக்கொண்டு மார்கழிக் காலையில்கூட நெடுநேரம் நடக்க முடியாது. வெள்ளாடு 0.8 மில்லிமீட்டரிலேயே இழுவை தாங்கும், எடையும் குறைவு. இயற்கையான குறுமணிப் புள்ளி இருப்பதால் சின்னக் கீறல்கள் கண்ணில் படாது. ஒன்று மட்டும்: பைக்கில் விழுந்தால் உடம்பைக் காக்க வேண்டும் என்பது உங்கள் நோக்கமானால் இந்த ஜாக்கெட் அதற்கானது அல்ல. அதற்குக் கனமான மாட்டுத் தோலும் முழங்கையிலும் தோளிலும் காப்புப் பட்டைகளும் உள்ள பைக் ஜாக்கெட்டைத் தனியாக வாங்குங்கள்.

பழைய பாணி பிடித்தவர்களுக்கு ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் மேல் ஓர் ஆசை இருக்கும். எனக்கும் உண்டு. நம் பகுதியின் பெருமை அது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தோல் இங்கிருந்து உலகம் முழுக்கப் போயிருக்கிறது. ஆனால் முழுக்கத் தாவர முறையில் பதனிட்ட தோல் வியர்வையையும் மழையையும் குடித்துக் கறுக்கும், காய்ந்தால் விறைக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூஞ்சணமும் சீக்கிரம் பிடிக்கும். பெல்ட்டுக்கும் கைப்பைக்கும் அது அருமை. ஜாக்கெட்டிலும் அந்தச் சாயல் வேண்டுமென்றால் 'செமி குரோம்' கிடைக்குமா என்று கேளுங்கள். முதலில் தாவர முறையில் பதனிட்டு, பிறகு குரோம் கொடுத்த தோல் அது.

இனி ஃபினிஷ். என் கணக்கில் எந்த மிருகம் என்பதைவிட இதுதான் முக்கியம். அனிலின் என்றால் சாயம் மட்டும். தோலின் துளையும் சுருக்கமும் அப்படியே தெரியும். பிக்மெண்ட் என்றால் மேலே பெயிண்ட் படலம். ஒரே நிறமாக, குறையே இல்லாமல் தெரியும். ஆனால் நீங்கள் தொட்டுப் பழகுவது படலத்தைத்தான், தோலை அல்ல. செமி அனிலின் என்றால் சாயத்தின் மேல் மிக மெல்லிய பூச்சு. வியர்வை கொட்டுகிற நம் ஊருக்கு இதுதான் என் தேர்வு. புல்-அப் என்பதில் எண்ணெயும் மெழுகும் ஏற்றியிருப்பார்கள். இழுத்தால் நிறம் வெளுக்கும். அழகானதுதான், ஆனால் வெயிலில் பிசுக்கு விடும் ரகங்களும் அதில் உண்டு.

'விண்டேஜ்' அல்லது 'ஆன்டிக்' என்று விற்பதில் வெளிர் நிறத்தின் மேல் அடர்நிறத்தை ஸ்பிரே அடித்து, அங்கங்கே தேய்த்து எடுத்திருப்பார்கள். ஒரு ஜாக்கெட் நிஜமாகத் தேய்வது முழங்கை மடிப்பிலும், கை நுழையும் பாக்கெட் ஓரத்திலும், காலர் விளிம்பிலும், மணிக்கட்டிலும். அது போடுபவரின் உடம்பையும் பழக்கத்தையும் பொறுத்தது. தேய்ப்பவருக்கு உங்கள் முழங்கை எங்கே மடங்கும் என்று எப்படித் தெரியும்? ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் விரும்பிச் செய்கிற முறை ஒன்று உண்டு: உள்ளே முழுக்கப் பழுப்புச் சாயம், மேலே மட்டும் கறுப்பு. நீங்கள் தேய்க்கத் தேய்க்கப் பழுப்பு தானாக வெளியே வரும். கறுப்புதான் வேண்டும் என்றால் அதைக் கேளுங்கள்.

மாதிரித் துண்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தராதவரிடம் தைக்க வேண்டாம். அதன் வெட்டிய ஓரத்தை வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் நீலச் சாம்பல் நிறம் தெரிந்தால் சாயம் உள்ளே இறங்கவில்லை. உரசின இடமெல்லாம் நாளை அந்தச் சாம்பல்தான் எட்டிப் பார்க்கும். ஈரமான வெள்ளைப் பருத்தித் துணியால் நன்றாகத் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் உங்கள் சட்டைக் காலரிலும் ஏறும். ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே உறிஞ்சினால் அனிலின், மெதுவாக இறங்கினால் செமி அனிலின், கண்ணாடி மேல் மாதிரி நின்றால் பூச்சு கனம். அப்புறம், மேல்பக்கம் உள்ளே வரும்படி மடித்துப் பாருங்கள்: நெருக்கமான மெல்லிய சுருக்கம் விழுந்தால் நல்லது, தொளதொளவென்று குழாய் குழாயாக எழும்பினால் வேண்டாம்.

வெள்ளாட்டுத் தோல் ஒன்று ஏறத்தாழ 4 முதல் 6 சதுர அடி வரும். இடுப்பளவு ஜாக்கெட்டுக்குக் கழிவோடு சேர்த்து 35 முதல் 45 சதுர அடி வேண்டும். ஆக எட்டு, பத்துத் தோல்கள், எல்லாம் ஒரே லாட்டில் வந்தவை. வெட்டுகிற அன்று நேரில் போய்ப் பகல் வெளிச்சத்தில் அவற்றைப் பரப்பிப் பாருங்கள். இருப்பதில் சிறந்த தோல் முதுகுக்கு, முதுகெலும்புக் கோடு சரியாக நடுவில். வயிற்றுப் பகுதி இழுத்தால் நீளும், அதை ஜாக்கெட்டின் கைப்பகுதிக்கு வைக்க விடாதீர்கள்.

தோலில் ஊசி போட்ட ஓட்டை மறையாது, பிரித்துத் தைத்தாலும் தெரியும். அதனால் முதலில் மலிவான காடாத் துணியில் முழு ஜாக்கெட்டையும் தைத்துப் போட்டுப் பாருங்கள். மீனாட்சியம்மன் கோயில் பக்கத்துப் புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்குப் போன தையற்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். மாதிரிச் சட்டையைப் பார்த்தே அச்சாகத் தைத்துக் கொடுப்பார்கள். அந்தத் துணி ஜாக்கெட்டோடு பைக்கில் உட்காருங்கள், கையைத் தூக்குங்கள், குனியுங்கள். குறையெல்லாம் அங்கேயே சரியாகட்டும்.

லைனிங்குக்குப் பாலியஸ்டர் சாட்டின் வேண்டாம், வியர்வை வழியும். உடம்புப் பகுதிக்குப் பருத்தி. நம் சுங்குடியையே போடலாம், அடர்நிறச் சுங்குடி பழுப்புத் தோலுக்குள் அவ்வளவு அழகு. முதலில் நன்றாக அலசிச் சாயம் போக்கிவிடுங்கள். கைக்குள் மட்டும் வழுக்கும் துணி, பாக்கெட்டுக்கு டிரில் என்கிற கெட்டிப் பருத்தித் துணி. ஜிப் பித்தளையாக, நூல் பாலியஸ்டராக இருந்தால் போதும்.

நிறத்தில் அடர்பழுப்பு எடுங்கள். ஏ-2 வந்த நிறங்களில் அதுவும் ஒன்று, வியர்வைக் கறையையும் காட்டாது. நனைந்தால் நிழலில் காயவிடுங்கள். பாலிதீன் உறையில் போட்டு பீரோவில் பூட்டாதீர்கள், பழைய வேட்டித் துணியால் மூடி அகலமான ஹேங்கரில் தொங்கவிடுங்கள். வீட்டில் யாராவது பளபளப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவ வந்தால் தடுத்துவிடுங்கள். திட்டுத் திட்டாகக் கறுத்து, சிக்கு வாடை அடிக்கும்.