15 வயது மகன் கோபம் வந்தால் கையில் கிடைத்ததை எல்லாம் எறிகிறான். அடிக்காமல் எப்படி அடக்குவது?

ஊர் தங்கச்சிமடம் என்றும், அப்பா கடலிலிருந்து காலையில் கரை திரும்பியதும்தான் சண்டை மூளுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. ராத்திரி முழுக்கக் கண் விழித்து வலை இழுத்தவரும், விடிய விடிய போன் பார்த்தவனும் காலை ஏழு மணிக்குப் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினால் வேறென்ன நடக்கும்? போன், படிப்பு, காசு மூன்றையும் சாயங்காலத்துக்குத் தள்ளுங்கள்.

கோபம் ஏறும்போது தாடை இறுகும், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பான், ஒரு இடத்தில் நிற்க மாட்டான். பேச்சு எடுபடுவது இந்தக் கட்டத்தில் மட்டும்தான். ஒருவர் மட்டும் பேசுங்கள். இரண்டு கை நீளம் தள்ளி, சற்றே பக்கவாட்டில் நில்லுங்கள். வாசலை மறிக்கவே கூடாது. "கோவமா இருக்க, தெரியுதுப்பா. தண்ணி குடிக்கிறியா, வெளிய போய் உக்காருறியா?" அவ்வளவுதான். சொல்லிவிட்டு மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பதில் வராவிட்டாலும் உடனே இன்னொரு கேள்வி வேண்டாம். கையிலிருக்கும் போனைப் பிடுங்குவதும், "பெரியப்பா மகனைப் பாரு" என்பதும் எரிகிற அடுப்பில் டீசல் ஊற்றுகிற வேலை.

மீன் வெட்டும் கத்தி, அரிவாள்மனை, வலையில் கட்டும் ஈயக்குண்டு, டீசல் கேன் இவற்றை வீடு அமைதியாக இருக்கும் நாளிலேயே கண்ணுக்கு மறைவாக வையுங்கள். சண்டை நடுவே ஓடிப்போய் எடுத்தால், எது எங்கே இருக்கிறது என்று அவனுக்கு நீங்களே காட்டுகிறீர்கள்.

அடுத்தது கூட்டம். நம் தெருவில் சத்தம் கேட்டால் பத்துப் பேர் கூடிவிடுவார்கள். பத்துப் பேர் பார்க்க எந்தப் பையனும் இறங்கி வர மாட்டான். வந்தவர்களையும் சின்னப் பிள்ளைகளையும் பக்கத்து வீட்டுக்கு அனுப்புவதை மட்டும் சித்தியோ அப்பத்தாவோ பார்த்துக்கொள்ளட்டும்.

வந்தவர்களில் யாராவது குப்புறத் தள்ளி முதுகில் ஏறி உட்காரப் பார்ப்பார்கள். விடாதீர்கள். நெஞ்சு விரியாமல் மூச்சு நின்று உயிர் போகலாம். "மூச்சு முட்டுது" என்று அவன் கத்தினால், பேசுகிறானே, மூச்சு இருக்கிறது என்று நினைக்காமல் அந்த நொடியே கையை எடுங்கள். கட்டிப்போடுவதும் வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று நம் மாவட்டத்து ஏர்வாடியில் தீப்பிடித்த மனநலக் காப்பகத்தில் 28 பேர் இறந்தது சங்கிலியில் கட்டப்பட்டுத் தப்ப முடியாமல்தான். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே தடை செய்கிறது.

கத்தியைக் கையில் எடுத்துவிட்டால் பிடுங்கப் போகாமல், எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியேறி அவசர உதவி எண் 112ஐ அழையுங்கள்.

சத்தம் ஓய்ந்தாலும் உடம்பு அடங்க அரை மணிக்கு மேல் ஆகும். "மன்னிப்புக் கேளு" என்று உடனே நிற்பதால்தான் பெரும்பாலும் இரண்டாவது சண்டை வருகிறது. சோறு போடுங்கள், தூங்கட்டும்.

பிறகு இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறியுங்கள்: எத்தனை மணிக்கு, அதற்கு முன் யார் என்ன சொன்னார்கள், சாப்பிட்டானா, தூங்கினானா. சாகப்போகிறேன் என்றாலோ, யாரோ பேசுவது காதில் கேட்கிறது என்றாலோ, போதைப் பழக்கம் என்று சந்தேகம் வந்தாலோ இரண்டு வாரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனஸ் (எண் 14416) இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டையும் கொண்டுபோங்கள். அவர் முதலில் கேட்கப்போவது அதில் இருப்பதைத்தான்.