பக்கி பார்க்க அறுபது பவுண்டா?

கேள்வி: லண்டன் பக்கம் நியூ மால்டனில் இருக்கிறோம். ஜூனில் மதுரையிலிருந்து அப்பா வருகிறார், பறவைப் பைத்தியம். சர்ரேயில் உள்ள தர்ஸ்லி காமன் புதர்வெளியில் நைட்ஜார் என்ற இரவுப் பறவையைக் காட்ட ஒருவர் தலைக்கு 60 பவுண்டு கேட்கிறார். 'கட்டாயம் காட்டுவேன்' என்கிறார். நம்பலாமா? அங்கே பாம்பும் உண்டாமே?

பதில்: பணத்தைக் கொடுக்காதீர்கள். நைட்ஜார் நம்மூர்ப் பக்கியின் சொந்தம்தான். ஆப்பிரிக்காவிலிருந்து மே வாக்கில் வந்துவிடும், ஜூனில் தானாகவே கத்தும். காற்றும் மழையும் இல்லாத மாலையாகப் பார்த்து, 9 மணிக்கே போய், ஹெதர் புதர்களுக்கு நடுவே ஒற்றைப் பைன் மரங்கள் நிற்கிற இடத்தில் பாதையோரமாக நில்லுங்கள். சூரியன் 9.20 வாக்கில்தான் மறையும். அப்புறம் தையல் மெஷின் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் நிமிடக்கணக்கில் கேட்கும். அது நின்றதும் மேலே பாருங்கள். சிறகைப் 'பட்'டென்று தட்டிக்கொண்டு பறப்பது ஆண். சிறகு நுனியில் வெள்ளைப் புள்ளி தெரியும்.

'கட்டாயம்' என்கிறவர் ஸ்பீக்கரில் குரலைப் போடுவார், இல்லாவிட்டால் வெள்ளைக் கைக்குட்டையை ஆட்டுவார். போட்டிக்கு இன்னொரு ஆண் வந்துவிட்டதென்று பறவை தலைக்கு மேலே வந்து சுற்றும். முட்டையோ வெறுந்தரையில் கிடக்கும். அதே புதர்வெளியில் வாழும் டார்ட்ஃபோர்ட் கதிர்க்குருவி என்ற சின்னப் பறவையைக் கூட்டருகே தொந்தரவு செய்தால் 1981ஆம் வருட வனவிலங்குச் சட்டப்படி குற்றம். தரையில் முட்டையிடும் பக்கிக்கு அந்தக் கூடுதல் பாதுகாப்பு இல்லை. ஏன் என்று அந்தச் சட்டத்தில் பறவைப் பட்டியல் போட்ட புண்ணியவான்களைத்தான் கேட்க வேண்டும்.

குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலி போனில் இருந்தால் தவறில்லை. பதிவை வீட்டில் அப்பாவுக்குப் போட்டுக் காட்டலாம். காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போட்டாலும் சரி. வெளியில் நிற்கும்போதுகூட ஹெட்போன் மாட்டிக் கேட்டால் சரிதான். ஸ்பீக்கர் மட்டும் கூடாது. 'ஒரே ஒரு தடவை' என்பதும் கூடாது.

பாம்பு உண்டு. ஆடர் என்கிற விரியன். பகலில் வெயில் காயும், அதிர்வு கேட்டால் பெரும்பாலும் ஒதுங்கிவிடும். அதன் கடியால் பிரிட்டனில் கடைசியாக ஒருவர் இறந்தது 1975இல். ஷூ போட்டுப் பாதையில் நடங்கள், கடித்தால் உடனே அவசர எண் 999. நான் பயப்படுவது உண்ணிக்குத்தான், லைம் நோய் அதனால் வரும். பேன்ட்டைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பையும் இடுப்பையும் பார்க்காமல் அப்பாவைத் தூங்க விடாதீர்கள்.