படலைக்குள் வந்த மாப்பிள்ளை: காதல் நாவல் கேள்வி பதில்

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் வீட்டு முன்விறாந்தையில் ஓர் அலுமாரி வைத்து 18 வருஷம் இரவல் புத்தகம் கொடுத்தவள் நான். அதில் முக்கால்வாசி காதல் நாவல்கள். அந்தத் தகுதியில்தான் பதில் சொல்ல என்னைப் பிடித்து இருத்தியிருக்கிறார்கள். கேள்விகள் வந்த ஒழுங்கிலேயே போகிறேன். ஜாதகப் பொருத்தம் கேட்பவர்கள் வேறு ஆளைப் பார்க்கவும். அப்படியும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

மானிப்பாய் வாசகி, 22 வயது: அக்கா, காதல் நாவல் வாசித்துப் பழக்கமில்லை. எதில் தொடங்கலாம்?

தங்கச்சி, நான் பெயர் சொல்ல முதல் நீங்கள் ஒன்று சொல்லுங்கள். கடைசியாகப் பாதியில் மூடி வைத்த கதை எது? எந்த இடத்தில் மூடினீர்கள்? அலுமாரிக்கு முன்னால் வந்து நிற்கிறவரிடம் "என்ன பிடிக்கும்" என்று கேட்டால் எல்லாரும் "நல்ல கதையாத் தாங்கோ" என்றுதான் சொல்லுவார்கள். எரிச்சல் வந்த இடத்தைக் கேட்டால்தான் ஆளைப் பிடிக்கலாம். "அவன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிஞ்சிருக்கும்" என்று ஒரு பிள்ளை புறுபுறுத்தால், அவளுக்குத் தப்பெண்ணத்தில் ஓடுகிற கதை சரிவராது. "கலியாணத்தோடு அவள் வேலையை விட்டிட்டாள், நான் புத்தகத்தை விட்டிட்டன்" என்று இன்னொருத்தி சொன்னாள். அவளுக்கு நாயகியின் தொழில் கடைசிப் பக்கம் வரை நிற்கிற கதையாகத் தேடிக் கொடுத்தேன். அதன்பிறகு மூன்று வருஷம் வேறு இடத்தில் அவள் புத்தகம் எடுக்கவில்லை.

தொடக்கத்துக்கு மாத நாவல் அளவில், 100 பக்கத்துக்குள் ஒன்றை எடுங்கள். இரண்டு பாகத் தலையணைகள் பிறகு. 30 பக்கம் வாசித்துவிட்டு ஒன்றை மட்டும் பாருங்கள்: அவனும் அவளும் ஒருவரோடு ஒருவர் கதைக்கிறார்களா, அல்லது தனித்தனியே இருந்து ஒருவரை ஒருவர் நினைத்துக்கொண்டே இருக்கிறார்களா? இரண்டாவது என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். கடைசிப் பக்கம் வரைக்கும் அதுதான் நடக்கப் போகிறது.

இன்னொன்று, இது என் அலுமாரி விதி. நாயகன் நாயகியை அறைகிற பக்கத்தில் புத்தகத்தை மூடுங்கள். அடுத்த அத்தியாயத்தில் அவளுக்குக் காய்ச்சல் வரும், அவன் இரவிரவாக விழித்திருந்து கஞ்சி பருக்குவான், நெற்றியில் ஈரத்துணி போடுவான். எனக்கும் தெரியும். மூடுங்கள்.

சுன்னாகம் தம்பி: மில்ஸ் அண்ட் பூன் எழுதியவற்றில் மிகச் சிறந்தது எது?

அது எழுத்தாளர் இல்லைத் தம்பி. மில்ஸ் ஒருவர், பூன் ஒருவர், இரண்டு பேரும் சேர்ந்து 1908ல் லண்டனில் தொடங்கிய பதிப்பகம். அவர்கள் எழுதவில்லை, விற்றார்கள்.

நெல்லியடி வாசகி: ரமணிச்சந்திரன் நாவல்கள் எல்லாம் முடித்துவிட்டேன். அதே மாதிரி வேறு யார்?

"அதே மாதிரி" என்றால் எது? வசதியான நாயகன், தன்மானக்காரி நாயகி, நடுவில் ஒரு சந்தேகம், அந்தக் கட்டமைப்பா? அது வேண்டுமென்றால் இப்போது இணையத்தில் தொடராக எழுதுகிறவர்களில் பாதிப்பேர் அந்தப் பாதையில்தான் நடக்கிறார்கள், நீங்கள் தேடவே தேவையில்லை. சமையலறை, சித்தி, பெரியம்மா என்று வீடு நிறைந்திருக்கிற கதையா? அப்படியென்றால் கொஞ்சம் பின்னுக்குப் போய், டாக்டராக இருந்துகொண்டே எழுதிய லக்ஷ்மியைப் பாருங்கள். முழுக் காதல் கதை என்று சொல்ல மாட்டேன், குடும்பக் கதை. அல்லது மேசையில் திறந்து வைத்துவிட்டுப் போனாலும் அம்மா எடுத்து வாசிக்கலாம் என்ற நிம்மதியா? எங்கள் ஊரில் முக்கால்வாசிப்பேர் "அதே மாதிரி" என்று கேட்பது இதைத்தான். வெட்கப்படாமல் அப்படியே கேளுங்கள்.

உரும்பிராய்: பிடிஎஃப் அனுப்ப முடியுமா?

முடியாது. எழுதுகிறவருக்கும் கரண்ட் பில் வருகிறது. பழைய ஈழத்து நூல்கள் வேண்டுமென்றால் 2005ல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் இருக்கிறது, காசில்லாமல் வாசிக்கலாம். அங்கே போங்கள்.

வட்டுக்கோட்டை, ஓய்வுபெற்ற ஆசிரியர்: முடிவு முன்பே தெரிந்த கதையை ஏன் வாசிக்க வேண்டும்? நிலக்கிளி போன்ற நாவல் எழுதப்பட்ட மண்ணில் இது தேவையா?

ஐயா, நல்லூரில் 24ஆம் நாள் தேர், 25ஆம் நாள் தீர்த்தம். உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பிறகேன் கொடியேற்றத்தில் இருந்து போகிறோம்?

காதல் நாவல் என்று தனியாக ஒரு வகை சொல்கிறோமே, அதற்கு இரண்டே நிபந்தனைதான். இருவருடைய காதல் கதையின் நடுவில் நிற்க வேண்டும், முடிவில் நம்பிக்கை இருக்க வேண்டும். முடிவு தெரிந்திருப்பதால் வாசிக்கிறவர் "சேருவார்களா" என்று பார்ப்பதில்லை. "இந்த இரண்டு பேரும் எப்படிச் சேரப் போகிறார்கள்" என்று பார்க்கிறார். பாலமனோகரனின் நிலக்கிளி 1973ல் வந்தது. தண்ணிமுறிப்புக் காட்டோரம், பதஞ்சலி, கதிராமன் எல்லாரும் எனக்கும் நெருக்கமானவர்கள்தான். அதில் காதல் இருக்கிறது, ஆனால் அது இந்த வகை இல்லை. அதைக் கேட்டு வருகிறவருக்கு இதைக் கொடுக்க மாட்டேன், இதைக் கேட்டு வருகிறவருக்கு அதைக் கொடுத்து அழவைக்கவும் மாட்டேன்.

பெயர் போடாத மூன்று பேர்: நல்ல ஆன்டி ஹீரோ, அதாவது கொடுமைக்கார நாயகன், கதை சொல்லுங்கள்.

நாயகன் அறைகிற பக்கத்துக்கான விதி மேலே இருக்கிறது.

யாழ் திருநெல்வேலி, பல்கலைக்கழக மாணவி: அக்கா, யாழ்ப்பாணத்தில் நடக்கிற காதல் நாவல் ஏன் இவ்வளவு குறைவு? கோயம்புத்தூரும் சென்னையும் வாசித்து அலுத்துவிட்டது.

இதற்குத்தான் காத்திருந்தேன் பிள்ளை.

1970களின் தொடக்கத்தில் இந்தியச் சஞ்சிகைகள் வருவதற்கு அரசாங்கம் கட்டுப்பாடு போட்டது. அந்த இடைவெளியில் வீரகேசரிப் பிரசுரங்கள் வரிசையாக வந்தன. இங்கத்தைய ஊர், இங்கத்தைய பேச்சு, கையடக்க விலை. பிறகு சண்டைக் காலம். 90களில் கடதாசிக்கே தட்டுப்பாடு. ஆக, காதல் கதை என்றால் இந்தியாவில் இருந்து வருவது என்று கை பழகிவிட்டது. இது எல்லாரும் சொல்லுகிற காரணம். எனக்கு இன்னொரு காரணம் இருக்கிறது. அது வீடு.

அங்கத்தைய கதையில் கலியாணம் முடிந்ததும் பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புகுந்த வீட்டுக்குப் போகிறாள். தெரியாத சமையலறை, மாமியார், கதவடியில் நிற்கிற நாத்தனார். கதைக்குத் தேவையான அத்தனை சிக்கலும் அந்த வாசற்படியில் இருந்துதான் கிளம்புகிறது. எங்கள் ஊரில் பெரும்பாலும் என்ன நடக்கிறது? சீதன வீடு பெண்ணுடையது. பெட்டியோடு வருகிறவன் மாப்பிள்ளை. கிணற்றடி எங்கே, எந்தத் துவாயைத் தொடலாம், மாமா இருக்கும்போது சாய்மனைக் கதிரையில் இருக்கலாமா என்று தடுமாறுகிறவன் அவன். ஆனால் எங்கள் பிள்ளைகள் எழுத இருந்தாலும், வாசித்துப் பழகிய கையால் நாயகியைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பிறகு கதை யாழ்ப்பாணம் மாதிரி இல்லையே என்று அவர்களே கவலைப்படுகிறார்கள்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். கரண்ட் இல்லாத காலம். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் மண்ணெண்ணெயும் வைத்து எரித்த வெளிச்சத்தில் வாசித்தோம். என் அலுமாரியில் இருந்த ஒரு நாவல் ஏழெட்டு வீடு சுற்றித் திரும்பியபோது கடைசி எட்டுப் பக்கம் இல்லை. அந்த இடத்தில் நாலாக மடித்த ஒரு கொப்பி ஒற்றை. யாரோ பென்சிலால், இரண்டு பக்கமும், வரிக்கு வரி நெருக்கி, முடிவை எழுதி வைத்திருந்தார்கள். கொப்பி கிடைக்காத நாளில் ஒரு முழு ஒற்றை! அதில் நாயகி எங்கேயும் போகவில்லை. அவன் சைக்கிளில் ஒரு தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து, படலைக்கு வெளியே காலூன்றி நிற்கிறான். "வரட்டோ?" என்று கேட்கிறான். அவள் கிணற்றடியில் நின்று, "படலை திறந்துதானே கிடக்கு" என்கிறாள். அவ்வளவுதான்.

பல வருஷம் கழித்துக் கொழும்பில் ஒரு பழைய புத்தகக் கடையில் அதே நாவல் முழுசாகக் கிடைத்தது. அச்சில் இருந்த முடிவில் கார் வருகிறது, பட்டுப்புடவை, ஆரத்தி, வலதுகால். பென்சில் முடிவுதான் நல்லது.

சாவகச்சேரி, நொத்தாரிசிடம் வேலை பார்ப்பவர் (இடையில் எழுதியது): வீடு பெண்ணுடையது என்று இவ்வளவு அழகாகச் சொல்கிறீர்கள். தேசவழமை என்கிற யாழ்ப்பாண வழமைச் சட்டப்படி அந்தக் காணியைப் புருஷனின் சம்மதக் கையெழுத்து இல்லாமல் அவள் விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது. இதில் என்ன காதல்?

தம்பி, இதில்தான் காதல் நாவல்! டச்சுக்காரர் 1707ல் எழுத்தில் சட்டமாக்கியது, 1911 கட்டளைச் சட்டத்திலும் தொடர்ந்து, காணி உறுதி எழுதும்போது வந்து நிற்கிறது. அநியாயம்தான், ஓம். ஆனால் இப்படி யோசியுங்கள். கலியாணம் முடிந்து ஆறு மாதத்தில் கோபித்துக்கொண்டு வெளிநாடு போன ஒருவன். ஒன்பது வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. அவளுக்குத் தோட்டக் காணியில் ஒரு துண்டை விற்று ஒரு சின்னத் தொழில் போட வேண்டும். அவன் கையெழுத்து வேண்டும். அவன் வருகிறான், அவளுடைய வீட்டுக்கு, விருந்தாளி மாதிரி. பிரிந்தவர்களை ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவர மற்றவர்கள் விபத்து, மறதி நோய், தாத்தாவின் உயில் என்று என்னென்னவோ செய்கிறார்கள். எங்களுக்கு ஓர் உறுதி போதும்.

அதே சாவகச்சேரிக்காரர்: மறுத்தால் அல்லது பிரிந்து போயிருந்தால் மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி எடுக்கலாம். அவன் வரவே தேவையில்லை. உங்கள் கதை இரண்டாம் அத்தியாயத்தில் முடிந்தது.

சரி, பிடித்துவிட்டீர்கள். அதுவும் நல்லதுதான். அவளுக்கு அந்த வழி தெரியும், சட்டத்தரணி சொல்லியிருக்கிறார். தெரிந்தும் அவனுக்குக் கடிதம் போடுகிறாள். ஏன் போட்டாள் என்பதுதான் நாவல். நன்றி தம்பி, நான் சொன்னதைவிட நீங்கள் கெடுத்தது நன்றாக வந்திருக்கிறது.

கரவெட்டி வாசகி: பெண்ணின் வீடு என்கிறீர்கள். அந்த வீட்டைக் கட்டத் தமையன் 38 வயது வரை கலியாணம் முடிக்காமல் இருந்தானே, அவனுடைய காதலை யார் எழுதுவது?

இதற்கு மறுப்பே இல்லை. மூன்று தங்கச்சிமார் கரையேறும் வரை காத்திருக்கிற அண்ணன், அவனுக்காகக் காத்திருக்கிற ஒருத்தி. நாள் போகப் போக அவளுக்கு வருகிற சம்பந்தங்களும் குறைகின்றன. கொடுமைக்காரன் ஒருவனும் இல்லாமல் 200 பக்கம் ஓடும். அவன் சீதனம் வாங்காமல் முடித்தால் அவனுடைய கடைசித் தங்கச்சியின் வீட்டுக்குக் கூரை இல்லை. காதலித்தவளிடம் அதை எப்படிச் சொல்லுவான்?

இன்னும் பதினொரு பேர் இதே விஷயத்தில். எல்லாவற்றையும் இங்கே எழுத இடமில்லை. "மாற்றுச் சம்பந்தம் எங்கே போனது" என்று கேட்ட இணுவில் அக்காவுக்கு மட்டும்: ஓம், இரண்டு வீடு, அண்ணன் தங்கச்சி, அண்ணன் தங்கச்சி, பெண் கொடுத்துப் பெண் எடுப்பது. ஒரு சோடிக்குக் காதல், மற்றச் சோடிக்கு வேண்டாவெறுப்பு. அந்தக் காதலுக்கு விலை கொடுக்கிறது மற்றச் சோடிதான். நீங்களே எழுதுங்கள் அக்கா, தெரிந்த மாதிரித்தான் கேட்கிறீர்கள்.

ரமணிச்சந்திரன் மாதிரி யார் என்று நான்கு பேர்: மேலே நெல்லியடிக்குச் சொன்னது.

பிடிஎஃப், இரண்டு பேர்: மேலே உரும்பிராய்க்குச் சொன்னது.

கோண்டாவில் கணவர்: மனைவி நாவலில் மூழ்கிக் கறியைக் கருக விடுகிறார். என்ன செய்யலாம்?

அடுப்பைக் குறையுங்கள்.

சங்கானை அம்மா: மகளுக்கு 15 வயது. இரவில் போனில் தொடர்கதை வாசிக்கிறாள். பறிக்கலாமா?

பறித்தால் போர்வைக்குள் வாசிப்பாள், உங்களுக்கு ஒன்றும் தெரியாமல் போகும். அவள் வாசிக்கிற தொடரில் நாலு அத்தியாயம் நீங்களும் வாசியுங்கள். பிறகு சோறு பிசையும்போது சும்மா கேளுங்கள்: "அவள் ஏலாது எண்டு சொன்னாளே, அவனுக்கு அது கேட்டதோ?" அவ்வளவு போதும். பிழை எது என்று நீங்கள் சொல்ல வேண்டாம், அவளே கண்டுபிடிப்பாள். நித்திரைக்குப் போகும்போது போனை வெளியில் வைக்கச் சொல்வது வேறு விஷயம், அதைச் சொல்லலாம்.

ஒரே வரியில், ஊர் போடாமல்: ஆன்டி ஹீரோ?

மூடுங்கள்.

திருநெல்வேலி மாணவி, மறுபடியும்: அக்கா, அந்தப் பென்சில் ஒற்றை இப்போதும் இருக்கிறதா? படம் எடுத்துக்கொள்ளலாமா?

இல்லைப் பிள்ளை. அந்த முடிவு எனக்கு மனப்பாடம், அதனால்தான் சொல்ல முடிந்தது. புத்தகம் 1995 ஒக்டோபர் நடுவில் இரவல் போனது, ஒற்றை அதற்குள்தான். 30ஆம் தேதி சண்டை நெருங்க ஊரே வெளிக்கிட்டது. நாங்களும் அலுமாரியைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நாவற்குழி தாண்டினோம். எடுத்தவரின் பெயர் என் இரவல் கொப்பியில் இருந்தது, நாங்கள் திரும்பி வந்தபோது கொப்பி இல்லை. உள்ளட்டையில் ஊதா மையில் 214 என்று இலக்கம் போட்டிருக்கும். இதை வாசிக்கிற யாருடைய வீட்டிலாவது கிடந்தால், புத்தகத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், தண்டமும் வேண்டாம். ஒற்றையை மட்டும் தாருங்கள்.