புள்ளி வரியும் நன்கொடையும்

அண்ணனுக்கு வணக்கம்.

எங்கள் ஊர் தேவகோட்டைப் பக்கம், நாங்கள் நகரத்தார். கோவில் கும்பாபிஷேகத்துக்குப் புள்ளி வரி போட்டார்கள். கல்யாணமான ஒவ்வொரு ஜோடியும் ஒரு புள்ளி, புள்ளிக்கு இவ்வளவு என்று. என் சித்தப்பா அதை மறுநாளே கட்டிவிட்டார். ஆனால் அன்னதான நன்கொடைக்கு நோட்டோடு போனவர்களிடம் "பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். முன்பெல்லாம் முதல் ஆளாக எழுதுகிறவர். மகளை நகரத்தாருக்கு வெளியில் கட்டிக்கொடுத்ததிலிருந்து பங்காளிகள் அவரை எதற்கும் கூப்பிடுவதில்லை. இப்போது 'கருமி' என்கிறார்கள். கோபத்தில் செய்கிறாரா அண்ணே?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

கருமி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோபமாகவும் தெரியவில்லை. கோபக்காரர் வரியையும் இழுத்தடித்திருப்பார்.

2007இல் அமெரிக்காவில் ஜீன் ட்வெங்கி, ராய் பாமைஸ்டர் முதலான உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து ஏழு சோதனைகள் செய்து வெளியிட்டார்கள். சிலரிடம் "பிற்காலத்தில் நீ தனியாகத்தான் இருப்பாய்" என்று பொய்யாகச் சொன்னார்கள். சிலரிடம் "உனக்கு அடிக்கடி விபத்து நேரும்" என்றார்கள். அப்புறம் கஷ்டப்படும் மாணவர்களுக்கான நிதிப் பெட்டியைக் காட்டினார்கள். விபத்து என்று கேட்டவர்கள் மற்றவர்களைப் போலவே போட்டார்கள். தனிமை என்று கேட்டவர்கள் மிகக் குறைவாகவே போட்டார்கள். அவர்கள் அழவில்லை, எரிச்சல்படவுமில்லை. அடுத்தவர் வலி அவர்களுக்கு உறைக்கவில்லை, அவ்வளவுதான். உள்ளே மரத்துப்போயிருந்தது.

இதை நான் எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். அப்பத்தா தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை அடுப்படிக் கலயத்தில் போடுவார். மாசக் கடைசியில் அது யாராவது இல்லாதவர் வீட்டுக்குப் போகும். ஐயா, அதாவது தாத்தா, இறந்த பிறகு ஒரு கல்யாணத்தில், முகூர்த்த நேரத்துக்கு அப்பத்தாவை வீட்டின் உள்பக்கம் இரண்டாங்கட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். திரும்பி வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அந்தக் கலயம் மாசக்கணக்கில் காலியாகக் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பெண் தன் வளைகாப்புக்கு, "கந்தரப்பம் உங்கள் கையால்தான் சுட வேண்டும், அப்புறம் என் பக்கத்திலேயே உட்கார வேண்டும்" என்று வந்து கூட்டிப்போனாள். மறுநாள் காலை கலயத்தில் அரிசி விழும் சத்தம் கேட்டது.

நம் பக்கத்தில் தர்மம் இப்படித்தானே வளர்ந்தது? வியாபாரத்தில் தர்மத்துக்கென்று ஒரு பங்கை, மகமை என்று எடுத்து வைத்தார்கள். நகரத்தாரின் ஒன்பது கோவில்களிலும் புள்ளிக் கணக்கு. காசியில் 1863இல் நகரத்தார் சத்திரம் எழுந்ததும் பலர் சேர்ந்துதான். கணக்கில் தானும் ஒருவன் என்று நினைத்தவன் கொடுத்தான். சித்தப்பா பெயர் வரிக் கணக்கில் மட்டும்தான் இருக்கிறது. அழைப்பிதழில் இல்லை. எனக்கு வருத்தமெல்லாம் 'கருமி' என்று பேசுகிறவர்கள் மேல்தான்.

ஒதுக்கப்பட்டவர்கள் புதிதாகப் பழக வருகிறவர்களிடம் நெருங்கவே விரும்புகிறார்கள் என்று அதே வருஷம் இன்னொரு ஆய்வும் சொன்னது. ஒதுக்கியவர்களிடம் மட்டும் அந்த ஆசை வருவதில்லை. அதனால் பங்காளிகளை அனுப்பாதீர்கள், நீங்களே போங்கள். நோட்டு வேண்டாம். அன்னதானத்தன்று பந்தி விசாரிக்க ஆள் இல்லை, வந்து நில்லுங்கள் சித்தப்பா என்று கூப்பிடுங்கள். வந்தால் நன்கொடைப் பேச்சை அன்றைக்கு எடுக்காதீர்கள்.

அன்புடன்,
அண்ணன்