டெசிலு கம்பெனி: நெகட்டிவ் யார் கையில்? (கேள்வி பதில்)

டெசிலு என்ற அமெரிக்க டிவி தயாரிப்புக் கம்பெனிக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது?

டெசி அர்னாஸ், லூசில் பால் என்ற நடிகத் தம்பதியின் பெயர்களை ஒட்டிவைத்தது. 1950இல் ஹாலிவுட்டில் தொடங்கினார்கள். 1951 அக்டோபர் 15 அன்று சிபிஎஸ் சேனலில் 'ஐ லவ் லூசி' என்ற அவர்களுடைய நகைச்சுவைத் தொடர் ஆரம்பித்த பிறகுதான் கம்பெனியின் பெயர் வெளியே தெரிந்தது.

அப்போது எல்லாம் நேரலைதானே? இவர்கள் மட்டும் ஏன் ஃபிலிமுக்குப் போனார்கள்?

ஊர்ப் பிரச்சினைதான். நியூயார்க்குக்கு வந்து செய்யுங்கள் என்றது சிபிஎஸ் தரப்பு. இவர்கள் ஹாலிவுட்டை விட்டு நகரத் தயாராக இல்லை. அங்கிருந்தே நேரலையாகச் செய்தால், நேயர்கள் அதிகம் இருந்த கிழக்குப் பகுதிக்கு கினஸ்கோப் பிரதிதான் போகும். டிவி திரைக்கு முன்னால் ஃபிலிம் கேமராவை வைத்து எடுக்கும் பிரதி அது. முகமெல்லாம் சாம்பல் பூசினதுபோல் இருக்கும். 35 மி.மீ. ஃபிலிம் என்றால் எல்லா நிலையத்துக்கும் ஒரே தரத்தில் பிரிண்ட். செலவு கூடும் என்று முணுமுணுப்பு வந்தது. இருவரும் வாரத்துக்கு 1,000 டாலர் சம்பளத்தை விட்டுக்கொடுத்து, பதிலுக்கு எபிசோடுகளின் உரிமையை, அதாவது நெகட்டிவைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். மறு ஒளிபரப்புக்கு மதிப்பு உண்டு என்று அப்போது யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

பார்வையாளர்கள் முன்னால் மூன்று கேமரா வைத்து எடுத்தார்களாமே, லைட்டிங் கெட்டுப்போகாதா?

கெடும். ஒரு கேமராவுக்கு அழகாக விழும் நிழல், பக்கத்துக் கேமராவுக்கு மூக்கின் மேல் கறுப்புக் கோடாகத் தெரியும். ஒளிப்பதிவாளர் கார்ல் ஃப்ராய்ண்ட் விளக்குகளைப் பெரும்பாலும் மேலே தொங்கவிட்டு, செட் முழுக்க ஒரே அளவு வெளிச்சம் கொடுத்தார். தரையில் ஸ்டாண்ட் குறைந்ததால் கேமராக்கள் உருள வழியும் கிடைத்தது. ஒற்றைக் கேமராவில் கோணம் மாற்றி அதே ஜோக்கைத் திரும்ப நடித்தால், எதிரே உட்கார்ந்திருக்கும் கூட்டம் இரண்டாம் முறை சிரிக்காது. மூன்றும் சேர்ந்து ஓடினால் அந்தச் சிரிப்பு அப்படியே பதிவாகிவிடும். எடிட்டிங்கில் மூன்று ஃபிலிமும் ஒலியும் ஒன்றாக ஓடணும். கொஞ்சம் நழுவினாலும் வெட்டும் இடத்தில் உதடு ஒன்று சொல்லும், வசனம் ஒன்று சொல்லும்.

'100 எபிசோடு வந்தால்தான் லாபம்' என்கிறார்களே?

சட்டமெல்லாம் இல்லை, கணக்குதான். சேனல் தரும் கட்டணம் பெரும்பாலும் தயாரிப்புச் செலவுக்கே போதாது; துண்டு விழுவது கம்பெனி தலையில். உள்ளூர் நிலையங்களுக்கு மறு ஒளிபரப்பு விற்கும்போதுதான் அதை மீட்க முடியும். அவர்கள் வாரம் 5 நாள் போடுவார்கள். 100 இருந்தால் 20 வாரம் ஓடும். 40 மட்டும் இருந்தால் 8 வாரத்தில் முதலிலிருந்து திரும்பிவிடும், வாங்க ஆள் வராது.

இவ்வளவு சாமர்த்தியமாக வாங்கிய லூசி உரிமையை ஏன் விற்றார்கள்?

1957இல் ஆர்கேஓ என்ற சினிமா ஸ்டுடியோ விலைக்கு வந்தது. எபிசோடுகளை சிபிஎஸ்ஸுக்கு விற்றுவிட்டு, சுமார் 60 லட்சம் டாலருக்கு அதை வாங்கினார்கள். கறவை மாட்டை விற்றுத் தொழுவம் கட்டின கதை என்பது என் கருத்து. ஆனால் தளம் கையில் இருந்ததால் மற்ற கம்பெனிகளுக்கு வாடகைக்கு விட முடிந்தது என்பதையும் சொல்லணும். தளத்தோடு சம்பளம், பராமரிப்பு என்று மாதாமாதம் நிற்கும் செலவும் வந்தது. ஷூட்டிங் இல்லாத தளமும் காசைத் தின்னும்.

'ஸ்டார் ட்ரெக்' என்ற விண்வெளித் தொடர் இவர்களுடையதா?

ஆமாம். மணவிலக்குக்குப் பிறகு 1962இல் கணவரின் பங்கை வாங்கி, லூசில் பாலே தலைமைக்கு வந்தார். ஸ்டார் ட்ரெக்கின் முதல் பைலட்டை (மாதிரி எபிசோடை) என்பிசி சேனல் ஏற்கவில்லை. இரண்டாவதாக ஒன்று எடுத்துத்தான் 1966 செப்டம்பரில் ஒளிபரப்பானது. அதே மாதம் 'மிஷன்: இம்பாசிபிள்'. இரண்டும் செலவு பிடித்த தொடர்கள். 1967இல் சுமார் 1.7 கோடி டாலருக்கு கல்ஃப் அண்ட் வெஸ்டர்ன் என்ற நிறுவனம் டெசிலுவை வாங்கி, தன்னிடம் இருந்த பாரமவுண்ட் ஸ்டுடியோவோடு சேர்த்துக்கொண்டது.

இன்னும் சில வருடம் தாக்குப்பிடித்திருந்தால்?

காற்று தனிக் கம்பெனிகள் பக்கம் திரும்பியிருக்கும். 1970இல் அமெரிக்க அரசின் ஒளிபரப்பு ஆணையமான எஃப்சிசி ஒரு விதி போட்டது: பெரிய சேனல்கள் பிறர் தயாரித்த தொடர்களின் மறு ஒளிபரப்பு வருமானத்தில் பங்கு கேட்கக் கூடாது. சிபிஎஸ் தன் விநியோகப் பிரிவையே வயாகாம் என்று தனியாகப் பிரித்துவிட வேண்டியதாயிற்று. எம்டிஎம், கார்ஸி-வெர்னர் போன்ற தனிக் கம்பெனிகள் செழித்தது இந்த நிழலில்தான். 1990களில் விதி போனதும் சேனல்கள் சொந்தத் தயாரிப்புக்குத் திரும்பின.