ரவுட்டர் ஜன்னலில், அக்சஸ் பாயின்ட் பின்னறையில்

கேள்வி: எங்கள் வீடு மலைச்சரிவில் இருக்கிறது. 4ஜி ரவுட்டரை முன்பக்க ஜன்னலில் வைத்தால்தான் சிக்னல் கிடைக்கும். பிள்ளைகள் படிக்கும் பின்னறைக்கு வைஃபை எட்டுவதில்லை. கடையில் அக்சஸ் பாயின்ட் வாங்கச் சொல்கிறார்கள். அதுவும் ரவுட்டரும் ஒன்றுதானே?
– வாசகி, டிக்கோயா

பதில்: ஒன்றல்ல. வெளியிலிருந்து வரும் ஒரே இணைப்பை வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் பகிர்ந்து கொடுப்பது ரவுட்டர். ஒவ்வொரு போனுக்கும் ஐ.பி. முகவரி, அதாவது வலையமைப்பில் அதை அடையாளம் காட்டும் எண், வழங்குவதும் அதுதான். அக்சஸ் பாயின்டுக்கு இந்தப் பொறுப்பெல்லாம் கிடையாது. கேபிளில் வருவதை வைஃபையாக்கிக் கொடுக்கும். வீட்டு ரவுட்டர் பெட்டிக்குள் இரண்டும் சேர்ந்தே இருப்பதால்தான் இந்தக் குழப்பம்.

மலைநாட்டு வீடுகளுக்கு இந்த வித்தியாசம் மிக முக்கியம். டவர் இருக்கும் திசை ஒன்று, ஆட்கள் புழங்கும் அறை வேறொன்று. ரவுட்டரைப் பின்னறைக்குக் கொண்டுபோனால் போனில் வைஃபை கோடுகள் நிறையத் தெரியும், இணையம் மட்டும் நகராது. ஆகவே ரவுட்டர் ஜன்னலிலேயே இருக்கட்டும். அதன் லேன் (LAN) துளையிலிருந்து, அதாவது வீட்டுக் கருவிகளுக்கான துளையிலிருந்து, கேட் 5ஈ (Cat 5e) வகை நெட்வேர்க் கேபிள் ஒன்றைப் பின்னறைக்கு இழுத்து, அங்கே அக்சஸ் பாயின்டை வையுங்கள். 100 மீட்டர் வரை கேபிள் தாங்கும். வீட்டுக்குள் 15, 20 மீட்டரே போதும். செம்பு பூசிய அலுமினியக் கம்பி மலிவாகக் கிடைக்கும், வாங்காதீர்கள். முழுச் செம்பாகக் கேட்டு வாங்குங்கள்.

கேபிள் இல்லாமல் வைஃபையை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டரை நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஒரே அலைவரிசையில் வாங்கித் திருப்பி அனுப்புவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். கருங்கல் சுவருக்கும் தகரத்துக்கும் பின்னால் வைத்தால் அதற்கே சிக்னல் கிடைக்காது.

கேள்வி: அக்சஸ் பாயின்டுக்குப் பதிலாகப் பழைய ரவுட்டரொன்றைப் பின்னறையில் வைத்து, முன்னறை ரவுட்டரோடு கேபிளில் இணைத்தேன். இணையம் வருகிறது. ஆனால் அந்த அறை லப்டொப்பில் முன்னறை பிரின்டர் தெரியவில்லை.
– வாசகர், பண்டாரவளை

பதில்: பழைய ரவுட்டரில் கேபிளை வான் (WAN) துளையில், அதாவது வெளி இணைப்புக்கான துளையில், செருகியிருப்பீர்கள். அதனால் வீட்டுக்குள் இரண்டு தனித்தனி வலையமைப்புகள் உருவாகிவிட்டன. பிரின்டரைத் தேடும் அழைப்பு ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகாது. பழையதை வெறும் அக்சஸ் பாயின்டாக மாற்றிவிடுங்கள்.

முதலில் அந்தக் கேபிளைக் கழற்றிவிட்டு, லப்டொப்பைப் பழைய ரவுட்டரோடு மட்டும் கேபிளால் இணையுங்கள். அதன் அடியிலுள்ள ஸ்டிக்கரில் இருக்கும் முகவரியை பிரவுசரில் கொடுத்து அமைப்புப் பக்கத்தைத் திறவுங்கள். பிரதான ரவுட்டரின் முகவரி 192.168.1.1 என்றால் பழையதற்கு 192.168.1.2 கொடுங்கள், 192.168.8.1 என்றால் 192.168.8.2. பிரதான ரவுட்டரின் முகவரியும் அதன் ஸ்டிக்கரில் இருக்கும். சேமித்ததும் பக்கம் காணாமல் போகும், பயப்பட வேண்டாம். புதிய முகவரியில் மீண்டும் உள்ளே போய், கருவிகளுக்கு ஐ.பி. முகவரி வழங்கும் டி.எச்.சி.பி.யை (DHCP) நிறுத்துங்கள். இந்த வரிசை முக்கியம். டி.எச்.சி.பி.யை முதலில் நிறுத்தினால் லப்டொப்புக்கு முகவரி கிடைக்காமல் வெளியே நிற்பீர்கள். நிறுத்தாமலே விட்டால் இரண்டு ரவுட்டர்களும் போட்டிபோட்டு முகவரி கொடுக்கும். இன்று வேலை செய்யும் போன் நாளை செய்யாது.

வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கட்டும். 2.4 கிகாஹேர்ட்ஸில் ஒன்றுக்குச் சனல் 1, மற்றதற்கு 6 அல்லது 11. கடைசியாகக் கேபிளை இரு பக்கமும் லேன் துளையில் செருகுங்கள். வான் துளை காலியாகவே இருக்க வேண்டும்.

கேள்வி: பக்கத்து லயத்திலுள்ள அண்ணன் வீட்டுக்கும் இப்படிக் கேபிள் இழுக்கலாமா?
– வாசகர், தலவாக்கலை

பதில்: செம்புக் கேபிள் வேண்டாம். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை வரும்போது, கிட்டத்தில் விழும் மின்னலே அந்தக் கம்பியில் மின்னழுத்தத்தைத் தூண்டி இரு வீட்டுக் கருவிகளையும் எரித்துவிடும். மின்சாரம் கடத்தாத ஃபைபர் கேபிளும், ஒளியை நெட்வேர்க் கேபிள் சிக்னலாக மாற்றும் மீடியா கன்வர்ட்டர் இரு முனைக்கும் ஒவ்வொன்றும் போடுங்கள். அல்லது ஒன்றையொன்று நேராகப் பார்க்கும் வெளிப்புற வயர்லெஸ் பிரிட்ஜ் (கேபிளுக்குப் பதிலாக இரு வீடுகளையும் ரேடியோ அலையில் இணைக்கும் கருவி) ஒரு சோடி. வீட்டுக்குள் மட்டும் கேபிள் உள்ளவர்களும் இடி கேட்கத் தொடங்கும் முன்பே பிளக்கைக் கழற்றிவிடுவது நல்லது. சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது.