மாற்றுக் கருத்துக்கு இடம் கொடுத்து அறநம்பிக்கைகளைப் பற்றிப் பேசுவது எப்படி?

கொள்கையில் உறுதியாக இருந்துகொண்டே மாற்றுக் கருத்துக்கு எப்படி இடம் கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நம்பிக்கையை மட்டும் அறிவித்து நிறுத்தாமல், அதற்கான காரணத்தையும், எந்த இடத்தில் அது நமக்கே நெருடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்வதே வழி என்று கருதுகிறேன். முடிவை மட்டும் சொன்னால், கேட்பவர் தலையசைக்கலாம் அல்லது மறுக்கலாம். காரணத்தைச் சொன்னால்தான் அதை அவர் எடைபோட முடியும்.

தீராத நோய் கண்டவரிடம் உண்மையை மறைக்கக் கூடாது என்பது என் நம்பிக்கை. எஞ்சிய நாட்களை எப்படிக் கழிப்பது என்று முடிவுசெய்யும் உரிமை அவருடையது. அன்பின் பேரால்கூட அதை மற்றவர்கள் பறித்துக்கொள்ளக் கூடாது. தம் தாயை இறுதிவரை உடனிருந்து கவனித்த நண்பர் ஒருவர் இதை ஏற்கவில்லை. இரவில் வலி குறையுமா, விடியும்வரை பக்கத்தில் யார் இருப்பார்கள் என்றெல்லாம் கேட்ட அந்தத் தாய், நோயின் பெயரை ஒருநாளும் கேட்கவில்லை என்றார். அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்களா என்று வினவினேன். கட்டாயம் சொல்லியிருப்பேன் என்று தயங்காமல் பதில் வந்தது. பொய் கூடாது என்பதில் இருவரும் ஒன்றுபட்டிருந்தோம். கேளாதவரிடம் வலிந்து சொல்ல வேண்டுமா என்பதில்தான் பிரிந்தோம். என் நம்பிக்கையை நான் கைவிடவில்லை, ஆனால் அறியும் உரிமைக்குள் அறியாதிருக்கும் உரிமையும் அடங்கும் என்பதை அதனுடன் சேர்த்துக்கொண்டேன். துயரச் செய்தியைச் சொல்வதற்கென்று 2000ஆம் ஆண்டில் வெளியான, மருத்துவர்களுக்குக் கற்பிக்கப்படும் 'ஸ்பைக்ஸ்' என்னும் ஆறு படி முறையிலும், நோயாளி எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று கேட்டறிவது தனிப்படியாகவே இருக்கிறது.

உண்மை சொல்வது பற்றிய இந்த விவாதம் பழையதுதான். நண்பரைத் தேடி வரும் கொலைகாரனிடம்கூடப் பொய் சொல்லக் கூடாது என்று 1797இல் ஜெர்மானியத் தத்துவவாதி காண்ட் எழுதினார்; குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மைக்கு ஒப்பாகும் என்கிறார் வள்ளுவர். இருவருமே வாய்மையை உயிராக மதித்தவர்கள். ஆகவே நம்மோடு உடன்படாதவரை அறமற்றவர் என்று முன்கூட்டியே முடிவுகட்டுவது நியாயமாகாது.

ஓர் எல்லையும் எனக்கு உண்டு. சிலரை மனிதராகவே மதிக்க மறுக்கும் கருத்தை ஒருவர் முன்வைத்தால், அவர் ஏன் அப்படி நினைக்கிறார் என்று பொறுமையாகக் கேட்பேன். அந்தக் கருத்தோடு சமரசம் செய்துகொள்ள மட்டும் சம்மதிக்க மாட்டேன்.